வீட்டு ஒலிப்பதிவுக்கூடம்

வீட்டு ஒலிப்பதிவுக்கூடம் என்பது வாடகைக் கூடத்தை நாடாமல், குடியிருக்கும் வீட்டின் ஓர் அறையிலேயே பாட்டையும் வாத்தியத்தையும் பதிந்து, திருத்தி, கலந்து முடிப்பதற்கான ஏற்பாடு. கணினி, ஒலிப்பதிவு மென்பொருள், மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்போன் ஆகிய ஐந்தும் இதன் அடிப்படைக் கருவிகள். ஆறாவதாக அறையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். குறைந்த செலவில் தொடங்குபவருக்கு மற்ற ஐந்தையும்விட முக்கியமானது அதுதான்.

பல தடங்களில் பதிவு செய்யும் வசதி சாதாரண மனிதரின் கைக்கு வந்தது 1979இல். டாஸ்காம் நிறுவனம் அந்த ஆண்டு வெளியிட்ட போர்ட்டாஸ்டூடியோ 144 என்ற கருவி, கடையில் கிடைக்கும் கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தாம் குடியிருந்த வீட்டின் படுக்கையறையில், அந்தக் கருவியையும் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்குகளையும் வைத்துச் சில பாடல்களை மாதிரிக்காகப் பதிந்தார். பிறகு இசைக்குழுவோடு பெரிய கூடத்தில் அவற்றை மீண்டும் பதிந்தபோது முதல் பதிவின் உயிர் கிடைக்கவில்லை. அதனால் அந்தக் கேசட் பதிவே 1982இல் ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தொகுப்பாக வெளிவந்தது. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ கூடத்தை 1989இல் அமைத்தார். அது சிக்கன ஏற்பாடு அல்ல. ஆனாலும் வீட்டை ஒட்டிய கூடத்திலிருந்து திரையிசையின் ஒலியையே மாற்ற முடியும் என்பதை 1992இல் ‘ரோஜா’ காட்டியது. 1990களில் ஒலித்திருத்தும் கருவிகள் மென்பொருளாகிக் கணினிக்குள் புகுந்தபின் செலவு சரசரவென இறங்கியது. பில்லி ஐலிஷின் 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு, லாஸ் ஏஞ்சலிசில் பெற்றோர் வீட்டில் அவருடைய அண்ணனின் படுக்கையறையில் உருவானது. அடுத்த ஆண்டு அது சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது.

அறை

தமிழ்நாட்டு வீடுகளில் சிமென்டுச் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை என எல்லாப் பரப்பும் கெட்டியானவை. குரல் அவற்றில் பட்டுப் பட்டுத் திரும்பி மைக்கில் விழுகிறது. அப்படிப் பதிவான குரல் குளியலறையில் பாடியதுபோல் ஒலிக்கும்; எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது. எதிரொலியைப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், பதிவானதை நீக்குவதுதான் கடினம். ஆகவே முதல் செலவு சுவருக்கு.

முட்டை அட்டைகளை ஒட்டுவது பலர் செய்யும் வீண்வேலை. மெல்லிய அட்டை உயர்ந்த சுருதியை மட்டும் கொஞ்சம் மழுக்கும். கீழ்ச்சுருதி அதைப் பொருட்படுத்தாது. ஒலியை உறிஞ்சக் காற்றுப் புகும் தடித்த பொருள் தேவை. ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள ராக்வுல் பலகையை மரச்சட்டத்தில் வைத்துத் துணியால் மூடினால் போதும். அதுவும் இயலாதவர், பாடுபவரின் முதுகுக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் இலவம்பஞ்சு மெத்தைகளை நிமிர்த்தி வைத்து, தரையில் கனத்த ஜமுக்காளம் விரிக்கலாம். மைக் பெரும்பாலும் முன்பக்க ஒலியை வாங்குவதால், பாடுபவருக்குப் பின்னால் இருக்கும் சுவரே அதிகம் கெடுக்கிறது. இரும்பு பீரோ இருந்தால் அதை வேறு அறைக்கு மாற்றிவிட வேண்டும்; மிருதங்கத்தின் தொப்பி முழங்கும்போது அதன் கதவும் சேர்ந்து அதிரும்.

எதிரொலியைக் குறைப்பது வேறு, வெளிச்சத்தத்தைத் தடுப்பது வேறு. மெத்தையும் ராக்வுல்லும் தெருவின் ஹாரனை நிறுத்தாது. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும், அவை செலவு மிகுந்தவை. கதவிடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டி, மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டு, ஊர் அடங்கிய நேரத்தில் பதிவதே ஏழைக்கு ஏற்ற வழி.

கருவிகள்

மைக்கில் இரு வகை பரவலானவை. டைனமிக் மைக் உறுதியானது, விலை குறைந்தது. கண்டென்சர் மைக் நுட்பமானது. அதற்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் தர வேண்டும். டைனமிக் மைக் அறையின் ஒலியை ஒதுக்கிவிடும் என்று சொல்வது பாதி உண்மையே. அதை வாயருகே வைத்துப் பாடுகிறோம் என்பதுதான் பெரிய காரணம். ஒலி வரும் தூரம் பாதியானால் நேரடி ஒலி சுமார் 6 டெசிபல் கூடுகிறது, அறையின் எதிரொலியோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. சரிசெய்யாத அறையில் டைனமிக் மைக்கோடு தொடங்குவதே நல்லது. வீணைபோல் மெல்ல ஒலிக்கும் வாத்தியத்துக்குத்தான் கண்டென்சர் உண்மையில் தேவைப்படும்.

ஒருவர் மட்டும் பாடவோ வாசிக்கவோ செய்தால், இரண்டு மைக்குகளைச் செருகக்கூடிய இன்டர்ஃபேஸ் போதுமானது. மிருதங்கத்தின் வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனி மைக் வைக்க அந்த இரண்டும் உதவும். மென்பொருளுக்குச் செலவே வேண்டாம்: ஆடாசிட்டி இலவசம், ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் உண்டு. ரீப்பர் 60 டாலருக்குத் தனிநபர் உரிமம் தருகிறது, அதற்குள் இருக்கும் வசதிகள் ஒரு தொடக்கக்காரருக்குப் பல ஆண்டுகள் போதும்.

ஹெட்போன் காதை முழுவதும் மூடும் வகையாக இருக்க வேண்டும். கர்நாடக சங்கீதம் பதிபவர்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். பாடகர் காதில் ஓடும் தம்புரா ஒலி கசிந்து குரல் தடத்தில் கலந்துவிட்டால், பிறகு தம்புராவைத் தனியே கூட்டவோ குறைக்கவோ முடியாது. பெரிய மானிட்டர் ஒலிபெருக்கிகளை முதலில் வாங்குவதைத் தள்ளிப்போடலாம். மூன்று மீட்டர் நீள அறையில் சுமார் 57 ஹெர்ட்ஸ் ஒலி சுவர்களுக்கிடையே தேங்கி நின்று, அறையின் ஓரிடத்தில் பெருத்தும் இன்னோரிடத்தில் காணாமலும் போகும். அதை நம்பிக் கலந்த பாட்டு வேறு இடத்தில் வேறு மாதிரிக் கேட்கும்.

பதியும் முறை

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவில் பதிவது இப்போது வழக்கம். மிக உச்சமான இடம்கூட மைனஸ் 10 டெசிபல் அளவில் நின்றால் நல்லது. பூச்சியத்தைத் தாண்டிய ஒலி வெட்டுப்பட்டுவிடும். பிறகு அதை மீட்பது பெரும்பாலும் இயலாது. நாடாவில் பதிந்த காலத்தில் இரைச்சலை அமுக்க ஒலியை உயர்த்தி வைத்தார்கள், 24 பிட்டில் அதற்குத் தேவை இல்லை.

பாடுபவருக்குத் தம் குரல் காதில் தாமதமாகக் கேட்டால் தாளம் தடுமாறும். கணினி 1024 சாம்பிள்களைச் சேர்த்து அனுப்பினால் அதிலேயே சுமார் 21 மில்லிவினாடி போய்விடும். 128 ஆகக் குறைத்தால் மூன்றுக்கும் கீழே வரும். மைக்கின் ஒலியைக் கணினிக்குப் போகாமலே ஹெட்போனுக்குத் தரும் வசதி இன்டர்ஃபேஸில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் கேட்டால் முதலில் எர்த் இணைப்பையும் மடிக்கணினியின் சார்ஜரையும் சோதிக்க வேண்டும்.

ஆலாபனைக்கு மெட்ரோனோம் உதவாது. கீர்த்தனையில் மிருதங்கத்தைப் பிறகு சேர்ப்பதாக இருந்தால், பாடுபவர் தாளம் போடும் ஓசையை வேறொரு மைக்கில் தனித்தடமாகப் பதிந்து வைத்தால், வாசிப்பவர் அதைப் பிடித்துக்கொள்வார். குரல் தடத்தில் அந்த ஓசை அதிகம் ஏறாதபடி மட்டும் கையைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

மேற்சொன்ன அளவில் ஒரு தடத்தின் ஒரு நிமிடம் சுமார் 8.6 மெகாபைட் எடுக்கும். பத்துத் தடங்கள் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டு 430 மெகாபைட்டைத் தொடும். அன்றன்றே அதை வேறொரு வன்தட்டிலும் நகலெடுத்து வைக்க வேண்டும்.