தொலைவழி மூளை அறுவை ஆலோசனை

விபத்தினாலோ மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்ததினாலோ திடீரெனப் பிரக்ஞை இழந்து, மூளை அறுவை நிபுணர் எவரும் இல்லாத மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்ட நோயாளியின் உடல்நிலை விவரங்களையும் தலையின் சி.டி. ஸ்கேன் படங்களையும் தொலைவிலுள்ள நிபுணரிடம் மின்வழியே சேர்ப்பித்து, அறுவை அவசியமா, அவசியமாயின் எத்துணை விரைவில், நோயாளியை இடம் மாற்றுவதா அல்லது இருக்கும் இடத்திலேயே வைத்துக் காப்பதா என்பவற்றை நிர்ணயித்துக்கொள்ளும் முறைக்குத் தொலைவழி மூளை அறுவை ஆலோசனை என்று பெயர். இது தொலைமருத்துவத்தின் ஒரு கிளை. அறுவைக்கு முன் நிகழவேண்டிய ஆராய்ச்சியும் தீர்மானமும் மட்டுமே இதில் தூரத்தைக் கடந்து நிகழ்கின்றன.

இம்முறை தோன்றியதற்கு மூலகாரணம் காலத்தின் நெருக்கடி. மண்டை ஓடு விரிந்துகொடுக்காத எலும்புப் பேழையாதலால், உள்ளே இரத்தம் கட்டும்போது மூளைதான் இடம்விட்டு விலகவேண்டியிருக்கிறது. சிறிது நேரம் அது சமாளிக்கிறது. பிறகு அந்தச் சக்தி ஒரேயடியாகக் குன்றி, கண்பாவை ஒன்று விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் நின்றுவிட, மூச்சும் தடுமாறத் தொடங்குகிறது. மண்டை ஓட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே இரத்தம் கட்டியவர்களுள் சிலர், அடிபட்டவுடன் மயங்கி, பின் தெளிந்து, வீட்டாருடன் நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, சில மணி நேரத்தில் மீண்டும் மயக்கத்தில் ஆழ்வது மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த விபரீதம். உறைக்கு உட்புறம் கட்டும் இரத்தம் இன்னும் கொடியது. அத்தகைய கட்டியால் கோமா நிலை எய்திய 82 பேரை ஆராய்ந்து 1981இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அடிபட்ட நான்கு மணி நேரத்துக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் 30 சதவீதத்தினரும், அதற்குப் பின் செய்யப்பட்டவர்களில் 90 சதவீதத்தினரும் இறந்தனர் எனக் கண்டார்கள். பிற்கால ஆய்வுகள் இத்துணைக் கூர்மையான எல்லையைக் காணவில்லையாயினும், தாமதம் உயிரைக் குடிக்கும் என்பதில் நிபுணர்களிடையே அபிப்பிராய பேதம் இல்லை.

தொலைபேசி பரவிய காலந்தொட்டே சிற்றூர் மருத்துவர் நகரத்து நிபுணரை அழைத்து யோசனை கேட்டு வந்திருக்கிறார். ஆனால் வாய்ச்சொல் ஒன்றே அப்பொழுது ஆதாரமாக இருந்தது. 1971 அக்டோபர் 1ஆம் நாள், லண்டன் விம்பிள்டனிலுள்ள ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில், காட்ஃபிரே ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த கருவியைக்கொண்டு முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை சி.டி. முறையில் படம்பிடிக்கப்பட்டது. 1974இல் கிளாஸ்கோ நகரத்து டீஸ்டேல், ஜென்னெட் என்னும் இருவர், கண் திறத்தல், பேச்சு, அசைவு என்னும் மூன்றையும் தரப்படுத்திப் பிரக்ஞையை அளக்கும் முறையை வெளியிட்டனர். 3 முதல் 15 வரை செல்லும் அதன் கூட்டுத்தொகையே இன்று உலகெங்கும் ‘ஜி.சி.எஸ்.’ என வழங்குகிறது. எந்தக் கம்பெனியின் இயந்திரத்தில் எடுத்த படமும் வேறெந்தக் கம்பெனியின் திரையிலும் திறக்கும்படி ‘டைகாம்’ என்னும் பொது நியமம் 1993இல் அமைந்தது. முதலாவது நோயைக் கண்ணுக்குப் புலப்படுத்திற்று. இரண்டாவது, முன்பின் அறியாத இரு மருத்துவர்கள் ஒரே பொருளில் பேசுவதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தது. மூன்றாவது படத்தைப் பயணம் செய்வித்தது. இம்மூன்றும் கூடிய பின்னரே தொலைவழி ஆலோசனை நம்பத்தக்க சாதனமாயிற்று.

படம் வந்து சேர்ந்ததும் நிபுணர் முதலில் பார்ப்பது கட்டியின் இடத்தையும் பருமனையும், மூளையின் நடுக்கோடு எவ்வளவு ஒதுங்கியிருக்கிறது என்பதையும் ஆகும். உறைக்கு வெளியே உள்ள கட்டி 30 கன சென்டிமீட்டருக்கு மிஞ்சினால், நோயாளி விழித்திருந்தாலும் அறுவை செய்வது பொது விதி. உறைக்கு உள்ளே உள்ளது 10 மில்லிமீட்டர் கனத்தைத் தாண்டினாலோ நடுக்கோடு 5 மில்லிமீட்டருக்குமேல் விலகினாலோ அவ்வாறே. எனினும் படத்தில் தெரியாதவையும் பல உண்டு. இரத்தம் உறையாதிருக்க நோயாளி மருந்து உண்பவரா, மது அருந்தியிருந்தாரா, இரத்த அழுத்தம் எவ்வளவு, கண்பாவை எப்பொழுது விரிந்தது, ஒரு மணி நேரத்துக்கு முன் ஜி.சி.எஸ். என்ன என்பனவற்றைப் படுக்கையருகில் நிற்கும் மருத்துவரே சொல்லியாகவேண்டும். அவர் கவனமாகப் பரிசோதியாவிடில், எத்துணைச் சிறந்த நிபுணரும் தூரத்தில் இருந்துகொண்டு ஒன்றும் செய்வதற்கில்லை. மூச்சுக்குழாயில் குழாய் பொருத்துவதும், தலைமாட்டை உயர்த்துவதும், வீக்கம் வடிய மானிட்டால் ஏற்றுவதும், கழுத்தெலும்பு முறிந்திருக்கக்கூடும் என்று பட்டை கட்டுவதும் ஆம்புலன்ஸ் புறப்படுமுன் அவர் கையால் நடக்கவேண்டிய காரியங்கள்.

இம்முறையின் பயனைத் தராசில் வைத்து நிறுத்தவர்கள் ஹாங்காங் மருத்துவர்கள். அங்குள்ள சீனப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மருத்துவமனையின் மூளை அறுவைப் பிரிவினர், அவசர ஆலோசனை கோரப்பட்ட 710 நோயாளிகளை மூன்று தொகுதிகளாக, எவரும் தம் விருப்பப்படி தேர்ந்தெடுக்க இயலாத வகையில், பிரித்தனர். ஒரு தொகுதிக்குத் தொலைபேசிப் பேச்சு மட்டும். மற்றொன்றுக்குப் பேச்சுடன் ஸ்கேன் படமும். மூன்றாவதற்குப் படத்துடன் வீடியோவில் நோயாளியையே காணும் வசதியும். 2006இல் வெளியான முடிவுகளின்படி, பேச்சை மட்டும் கேட்டுச் செய்த நோய்நிர்ணயம் 100க்கு சுமார் 64 தடவையே சரியாக இருந்தது. படம் சேர்ந்தபோது அது 89 ஆயிற்று. வீடியோ சேர்ந்தபோது 88. அதாவது படம் பெரும் வித்தியாசத்தை உண்டாக்கிற்று. முகதரிசனம் அதற்குமேல் எதையும் கூட்டவில்லை. வீடியோ ஆலோசனைக்கு நேரமும் அதிகம் பிடித்தது. கருவிக் கோளாறுகளும் குறுக்கிட்டன. நேரில் காண்பதே உத்தமம் என்று கருதுபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் மயங்கிக் கிடப்பவரின் முகம் சொல்லாததை மூளையின் குறுக்குவெட்டு சொல்கிறது என்பதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? நோயாளிகள் பிழைத்த விகிதத்திலோ மூன்று தொகுதிகளுக்கும் இடையே ஐயத்துக்கு இடமற்ற வேறுபாடு நிறுவப்படவில்லை. இதை ஆதரவாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் தொலைமருத்துவம் பரவியதில் சென்னைக்குத் தனிப் பங்கு உண்டு. ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தின் அரகொண்டா என்னும் கிராமத்து அப்போலோ மருத்துவமனையில் அமைந்த தொலைமருத்துவ நிலையத்தை 2000 மார்ச் 24ஆம் நாள் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் தொடங்கிவைத்தார். அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் சென்னையின் மூளை அறுவை நிபுணர் கே. கணபதி என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. 2015இல் இமாசலப் பிரதேசத்தின் கேலாங், காஸா என்னும் மலையூர்களில் மாநில அரசுடன் சேர்ந்து அப்போலோ இத்தகைய அவசர ஆலோசனை நிலையங்களை அமைத்தது. பனிக்காலத்தில் பாதையே மூடிக்கொண்டுவந்த அவ்வூர்களில், ‘அனுப்பிவிடுங்கள்’ என்று சொல்லித் தப்பிக்க நிபுணருக்கும் வழியில்லாதிருந்தது.

அனுப்பவும் இயலாது, காத்திருக்கவும் இயலாது என்னும் தருணங்களில் ஆலோசனை, கைக்கு வழிகாட்டுதலாக மாறுவதுண்டு. 2009இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மேரிபரோ என்னும் சிற்றூரில், சைக்கிளிலிருந்து விழுந்த சிறுவனுக்கு மண்டையில் துளையிடும் கருவி கிடைக்காமல், அங்கிருந்த பொதுமருத்துவர் மருத்துவமனையின் பராமரிப்பு அறையிலிருந்து வீட்டு உபயோகத் துளைப்பானை எடுத்துவந்து, மெல்பர்ன் நிபுணர் ஒருவர் தொலைபேசியில் சொல்லச்சொல்லத் துளையிட்டு இரத்தத்தை வெளியேற்றினார். சிறுவன் பிழைத்தான். இதை முறையாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் படமே இன்றிச் சொல்லும் கையும் மட்டும் செய்யக்கூடியதன் எல்லையைக் காட்டும் உதாரணமாக இது நிற்கும்.

இன்று நம் நாட்டில் பெரும்பாலான ஆலோசனை நடைபெறுவது விசேஷ நிலையங்களில் அல்ல, கைப்பேசியில்தான். ஸ்கேன் பிலிமை விளக்குப் பலகையில் மாட்டி, படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். இதனால் நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் மூலப்படத்தில் ஒளியைக் கூட்டிக் குறைத்து எலும்பை ஒட்டிய மெல்லிய இரத்தப் படலத்தைத் தேடும் சௌகரியம் இதில் அழிந்துவிடுகிறது. 2020 மார்ச் 25இல் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ நெறிமுறைகள், மருத்துவர் மற்றொரு மருத்துவரிடம் ஆலோசனை பெறுவதை அனுமதிக்கின்றன. எனினும் சிகிச்சைக்குப் பொறுப்பு ஆலோசனை கேட்டவரிடமே நிற்கும் என்று அவை விதிக்கின்றன. ஆகவே அழைத்த நேரம், அனுப்பிய படங்கள், நிபுணர் சொன்ன அபிப்பிராயம், அவர் பெயர் ஆகிய நான்கையும் நோயாளியின் குறிப்பேட்டில் உடனே எழுதிவைப்பது, அழைப்பு விடுக்கும் மருத்துவர் ஒவ்வொருவரும் தவறாமல் கைக்கொள்ளவேண்டிய காரியம்.