அணுகுண்டில் அணு எது?

‘அணுக முடியாத சிறுமை உடையதால் அணு’ என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அணுகு, அணுக்கர், அண்மை, அண்டை எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நெருக்கத்தைக் குறிக்கும் வேரில் நெருங்காமை எப்படிப் பிறக்கும்? எதிர்மறை எங்கே ஒளிந்திருக்கிறது?

இன்னொரு சாரார் கம்பரின் இரணியன் வதைப் படலத்தோடு வருவார்கள். அணுவை நூறு கூறிட்ட ‘கோண்’தான் எலெக்ட்ரானாம். 1897இல் தாம்சன் கண்ட அந்தத் துகளின் நிறை, ஹைட்ரஜன் அணுவின் நிறையில் ஏறத்தாழ 1,840இல் ஒரு பங்கு. நூறு எங்கே, இது எங்கே!

ஆனாலும் கம்பர் அணுவைக் கூறுபோடுகிறார். திருவள்ளுவமாலையில் ஔவை அதைத் துளைக்கிறார். திருவண்டப்பகுதியிலோ அது வீட்டுக்குள் நுழையும் கதிரில் மிதக்கும் தூசி. ஆக, அணு என்றால் நுண்ணியது, அவ்வளவே. வடமொழியிலும் அதே பொருள்தான். பகுக்கவொண்ணாததற்குப் ‘பரமாணு’ என்று தனிச்சொல் வைத்தார்கள். மணிமேகலையின் ஆசீவகன் ‘பிளக்காது’ என்கிறானே என்பவர்கள், அங்கே பரமாணு என்ற சொல்லும் நிற்பதைப் பார்க்கட்டும். சைவர்கள் உயிரையே அணு என்றனர். ஆணவம் அதிலிருந்து வந்தது. செருக்குக்குச் சிறுமையின் பெயர்!

கிரேக்கரின் ‘அட்டோமோஸ்’ வெட்டவொண்ணாதது. 1911இல் ரூதர்ஃபோர்டு உள்ளே கருவைக் காட்டியதும் அந்தப் பெயர் ஆட்டங்கண்டது. அணு என்ற சொல்லுக்கு ஒரு கீறலும் இல்லை.

இனி நாரணாபுரத்துக்கு வருவோம். சிவகாசியை ஒட்டிய இந்தப் பட்டாசு வட்டாரத்தில், மருந்தடைத்த அட்டைக்கூட்டைச் சணல் நூலால் இறுக்கி வரிந்து திரி செருகிய வெடிக்கு ‘அணுகுண்டு’ என்று பெயர். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா எரிந்த பிறகு ஒட்டிக்கொண்ட பெயர். உள்ளே வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். பற்றவைத்தால் அணுக்களின் வெளிவட்டத்து எலெக்ட்ரான்கள்தாம் கைமாறுகின்றன. நடுவே புரோட்டானும் நியூட்ரானும் செறிந்த கரு அசைவதே இல்லை. 13 புரோட்டான் கொண்ட அலுமினியம், புகையான பின்னும் 13 புரோட்டானோடுதான் இருக்கிறது. வாணங்களுக்குப் பச்சை நிறம் தரும் பேரியத்துக்கு 56. அந்தப் பச்சையும் கிளர்ந்த எலெக்ட்ரான்கள் கீழ்நிலைக்கு இறங்கும்போது விடும் ஒளிதான்.

ஆகவே ஹிரோஷிமாவில் போட்டது, சரியாகச் சொன்னால், அணுக்கருக் குண்டு. அணுகுண்டு, அதாவது நுண்ணிய குண்டு, என்ற பெயர் சொற்பொருள்படி நாரணாபுரத்து வெடிக்கே உரியது. மறுப்பவர்கள் அகராதியோடு வரட்டும்.