ஏலமலையில் இரு வகைக் கன்று: சிறு தோட்டமும் பெரு நிறுவனமும் புதுமை கண்ட விதம்

காமயகவுண்டன்பட்டி விவசாயிக்குக் கண்ணெதிரே இருப்பது பன்னீர் திராட்சைப் பந்தல். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் முதலும் உழைப்பும் கம்பமெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஏலமலைக்கும் நெடுங்காலமாக ஏறிக்கொண்டிருக்கின்றன. புதுமையைச் சிறியவர் ஒரு விதமாகவும் பெரியவர் வேறு விதமாகவும் கையாண்டதை அந்த மலையில் பக்கத்துப் பக்கத்திலேயே காணலாம்.

1980 வாக்கில் ஏலக்காய் உற்பத்தியில் குவாத்தமாலா இந்தியாவை முந்தியது. 1983-ஆம் ஆண்டு வறட்சி இங்கே விளைச்சலைச் சரித்தது. அதே பரப்பில் கூடுதலாக விளைவித்தாக வேண்டும். அதற்கு நல்ல கன்று வேண்டும். சிக்கல் அங்கேதான். ஏலப்பூவில் தேனீக்கள் அயல் மகரந்தச் சேர்க்கை செய்வதால், ஒரே செடியின் விதையில் முளைத்த நூறு கன்றும் நூறு விதமாய்க் காய்க்கும். பக்கக் கன்றைப் பெயர்த்து நட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும். தாய்க்குக் 'கட்டே' என்னும் வைரஸ் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும். விதைவழி அந்த நோய் பரவாது. ஆக, நோயில்லாத கன்றா, குணம் மாறாத கன்றா என்பதே தோட்டக்காரரின் கேள்வி.

கொச்சியைச் சேர்ந்த ஏ.வி. தாமஸ் நிறுவனம் இரண்டையும் ஒருசேரப் பெற முயன்றது. 1980-களில் திசு வளர்ப்புக் கூடம் அமைத்து, தேர்ந்தெடுத்த ஏலச்செடிகளைக் குடுவையில் பெருக்கியது. இந்தியாவில் வணிக அளவில் நடந்த முதல் திசு வளர்ப்பு முயற்சிகளில் இதுவும் ஒன்று. கூடம், பயிற்சி பெற்ற ஆட்கள், பல ஆண்டு காத்திருப்பு ஆகியவற்றுக்கு முன்கூட்டியே பணம் போட நிறுவனத்தால் முடிந்தது. அப்படிப் போட்ட பணம் கன்றின் விலையில்தான் திரும்ப வேண்டும்.

ஏறத்தாழ அதே காலத்தில், கட்டப்பனைப் பகுதியில் செபாஸ்டியன் ஜோசப் என்ற சிறு விவசாயி தம் தோட்டத்தில் மிகுதியாகக் காய்த்த செடிகளைக் குறித்துவைத்து, பக்கக் கன்றால் பெருக்கினார். குடும்பப் பெயரால் அது 'ஞள்ளானி' ஆயிற்று. அவருக்கு ஆய்வுக்கூடமும் இல்லை, திட்ட அனுமதி கேட்க மேலிடமும் இல்லை. செடி தோற்றால் இழப்பு சில குழிகளோடு முடிந்துவிடும். இதைச் சிறியவரின் துணிச்சல் என்று புகழ்வது வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தினமும் அதே செடிகளுக்கு நடுவே நடப்பவருக்கு மட்டும் கிடைக்கும் தகவல் அவரிடம் இருந்தது. அதுவே அவர் போட்ட முதல்.

ஞள்ளானி பரவிய வேகமும் கவனிக்கத்தக்கது. கன்று தோட்டத்திலிருந்து தோட்டத்துக்குக் கைமாறியது. வாங்கியவரே மறு ஆண்டு விற்றார். சில ஆண்டுகளில் ஏலமலையின் பெரும்பகுதியை அது பிடித்தது. தேசியப் புத்தாக்க அறக்கட்டளை செபாஸ்டியன் ஜோசப்புக்கு விருது தந்தது. ஆனால் ரகத்தின் மேல் உரிமை கோர வழிசெய்யும் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 2001-ல்தான். அதற்குள் ஞள்ளானி எல்லார் தோட்டத்திலும் இருந்தது. கைமாறும் கன்றில் நோய் ஏறும் ஆபத்தும், ஒரே ரகத்தை நம்பிய மலையில் பூச்சிமருந்துச் செலவும் அந்தப் பரவலோடு சேர்ந்தே வந்தன.

காமயகவுண்டன்பட்டித் திராட்சையில் நடந்தது வேறு. பன்னீர் திராட்சை எனப்படும் மஸ்கட் ஹாம்பர்க் ரகம் மாறவில்லை, மாறியது கவாத்துக் காலம். ஒவ்வொரு பந்தலிலும் வெவ்வேறு மாதத்தில் கவாத்து செய்வதால், மகாராஷ்டிரத்தில் ஆண்டின் தொடக்க மாதங்களோடு ஓயும் அறுவடை இங்கே ஆண்டு முழுக்க நடக்கிறது. எந்தக் கம்பெனியும் வகுக்காத முறை இது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சை புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் காப்பு வட்டாரத்தின் பெயருக்கு உரியது. பழம் அந்தப் பெயராலேயே சந்தையில் கேட்கப்படுவதால் பயன் தரலாம். ஞள்ளானிக்கு அந்த வாய்ப்பும் குறைவு. போடிநாயக்கனூர் ஏலத்தில் வியாபாரி பார்ப்பது காயின் பருமனையும் பச்சை நிறத்தையும். ரகத்தின் பெயரை அவர் கேட்பதில்லை.