மக்கள் அறிந்த மொழி: ஆங்கிலிக்கன் திருச்சபையும் தமிழும்

மணிவாசகர் திருவெம்பாவையை அருளியது திருவண்ணாமலையில் என்பது மரபு. வேங்கிக்காலில் நிற்பவர் கண்ணெதிரே எழுந்து தோன்றும் அம்மலையின் அடியில், மார்கழி விடியல்தோறும் அவ்விருபது பாடல்களும் ஒலிக்கின்றன. அவற்றையும் உள்ளிட்ட திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் வெளியிட்டவர் ஜி.யூ. போப். அவர் சைவர் அல்லர். ஆங்கிலிக்கன் திருச்சபையின் குரு. வேற்றுச் சமயத்தைப் பரப்ப வந்த ஒருவர், தம் எண்பதாம் அகவையில் சிவபெருமான்மீது பாடப்பெற்ற பாடல்களுக்கு உரை காணும் நிலை எவ்வாறு வாய்த்தது? இவ்வினாவுக்கு விடை தேடுவார் அத்திருச்சபையின் வரலாற்றையும் தமிழின் வரலாற்றையும் ஒருங்கே நோக்க வேண்டும்.

அரசின் திருச்சபை

எட்டாம் ஹென்றி மன்னன் 1534இல் உரோமைத் திருத்தந்தையின் ஆட்சியினின்று விலகித் தன்னையே நாட்டுத் திருச்சபையின் தலைவனாக அறிவித்துக்கொண்டான். மன்னனின் மணமுறிவு வேட்கையும் அரசியலும் அப்பிரிவுக்கு உடனடிக் காரணங்கள். ஆயினும் அப்பிரிவில் விளைந்த பயன்களுள் மொழியைப் பற்றிய கொள்கை தலையாயது. அதுவரை இலத்தீனில் நிகழ்ந்த வழிபாடு, தாமஸ் கிரான்மர் தொகுத்த பொது மன்றாட்டு நூலால் 1549இல் ஆங்கிலத்திற்கு மாறிற்று. 1662இல் அந்நூல் நிலைத்த வடிவம் பெற்றது. அத்திருச்சபையின் முப்பத்தொன்பது கொள்கைகளுள் இருபத்துநான்காவது, மக்களுக்கு விளங்காத மொழியில் பொதுவழிபாடு நிகழ்த்துவதை வெளிப்படையாக மறுக்கிறது. பழைய முறைப்படி பேராயர்களையும் சடங்குகளையும் போற்றிக்கொண்டே, சீர்திருத்தக் கொள்கைகளையும் ஏற்ற நடுவழி அது.

இக்கொள்கை தமிழகத்தில் உடனே செயற்படவில்லை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1680இல் அர்ப்பணிக்கப்பெற்ற புனித மரியன்னை ஆலயம், இந்தியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் ஆலயமாகும். அது கம்பெனியாருக்காகக் கட்டப்பெற்றது. அங்கு நிகழ்ந்த வழிபாடு ஆங்கில வழிபாடே. தமிழைக் கற்கும் பணியை மேற்கொண்டவர்கள் தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லூத்தரன் குருவாகிய சீகன்பால்கும் அவர் வழிவந்தோரும் ஆவர். அவர்களுக்கு அச்சுப்பொறி அனுப்பி உதவியது இலண்டனில் இருந்த ஆங்கிலிக்கன் சங்கம் ஒன்று. தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. தமிழ் கற்ற உழைப்பு செர்மானியருடையது. அச்சேற்றத் துணைநின்ற பொருள் ஆங்கிலேயருடையது.

1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்திற்குப் பின்னரே நிலைமை மாறியது. 1814இல் கல்கத்தாவிற்கும், 1835இல் சென்னைக்கும் பேராயர்கள் அமர்த்தப்பெற்றனர். எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என மக்கள் வழங்கிய இரு சங்கங்களும் திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் வேரூன்றின. பொது மன்றாட்டு நூலைத் தமிழாக்கியவர்களுள் வேப்பேரியில் பணியாற்றிய செர்மானியர் ராட்லர் குறிப்பிடத்தக்கவர்.

சொல்லுக்கு உரியவர் யார்?

வழிபாடு மக்கள் மொழியில் அமைதல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எது மக்கள் மொழி, அதனை வரையறுப்பவர் யார் என்னும் வினாக்கள் எழுந்தன. அவற்றை முதலில் எழுப்பியவர் ஒரு கவிஞர். 'பெத்லகேம் குறவஞ்சி' பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), தலைமுறைகளாக வழங்கிவந்த வேத மொழிபெயர்ப்பைப் புதிய மிஷனரிமார் திருத்த முற்பட்டதைக் கடுமையாக எதிர்த்தார். வழிபாட்டில் தமிழிசைக்கும் விழாக்களில் மலருக்கும் இடம் மறுக்கப்பட்டதைக் கண்டித்தார். ஒரு மொழியின் வேதத்தைத் திருத்தும் உரிமை அம்மொழியில் மன்றாடும் மக்களுக்கு இல்லையா என்பதே அவர் எழுத்துகளில் ஒலிக்கும் குரல்.

அக்குரலின் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. ஆலயத்தில் சாதி வேற்றுமையின்றி அமர்வதையும் ஒன்றாக நற்கருணை பெறுவதையும் அவர் எதிர்த்தார். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாட்டை அறவே கைவிடுமாறு ஆணையிட்டபோது தஞ்சைச் சபைகள் கொந்தளித்தன. மொழியுரிமைக்காக எழுந்த அதே நா சாதியுரிமைக்காகவும் பேசிற்று. அயலவர் ஆணையில் அதிகாரம் இருந்தது. அவ்வாணையின் பொருளில் நீதியும் இருந்தது.

திருநெல்வேலியில் உழைத்த ரேனியஸின் வரலாறும் இத்தகைய சிக்கலே. தமிழில் தேர்ந்த அச்செர்மானியர், ஆங்கிலிக்கன் முறைமைகளை அச்சில் குறைகூறியதை ஒட்டி 1835இல் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார்.

இறைவனைக் குறிக்கும் சொல்லே இம்மொழிப்போரின் சுருக்கம் எனலாம். பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு 'பராபரன்' என்றது. ஆங்கிலிக்கன் குருவாகிய ஹென்றி பவர் தலைமையில் அமைந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திருத்தம் 'தேவன்' என்றது. கத்தோலிக்கரும் பிறரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் 'கடவுள்' என்றது. ஒரே பொருளுக்குரிய மூன்று சொற்களில் மூன்று காலங்களின் தமிழ் உறைகிறது.

கற்பிக்க வந்தோர் கற்றோர் ஆயினர்

வேதத்தைத் திருத்தும் பணி, திருத்துவோரைத் தமிழ் இலக்கியத்தின்பால் ஈர்த்தது. பவர், முத்தையா பிள்ளை என்னும் தமிழறிஞரின் துணையுடன் சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை 1868இல் பதிப்பித்தார். உ.வே. சாமிநாதையரின் முழுப் பதிப்பு வெளிவந்த 1887க்கு அது முந்தியது. சமணக் காப்பியத்தின் ஒரு பகுதி கிறித்தவக் குருவின் முயற்சியால் அச்சேறியது தமிழில் நேர்ந்த நற்பேறு.

இராபர்ட் கால்டுவெல் 1838இல் சென்னைக்கு வந்தபோது இலண்டன் மிஷனைச் சார்ந்தவர். 1841இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்து இடையன்குடியில் குடியமர்ந்தார். அவர்தம் மனைவியார் எலைசா நாகர்கோவிலில் பிறந்தவர். தமிழ் கேட்டு வளர்ந்தவர். அவ்வம்மையார் இடையன்குடிப் பெண்களுக்குக் கல்வியும் பின்னல் தொழிலும் பயிற்றினார். கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்து, தமிழ் வடமொழியினின்று கிளைத்தது என்னும் கருத்தை அசைத்தது. அதே கால்டுவெல் 1849இல் நாடார் சமூகத்தைப் பற்றி எழுதிய நூல் அச்சமூகத்தாரைப் பெரிதும் புண்படுத்தியது. மொழியை நுணுகிக் கேட்ட செவி, அம்மொழி பேசுவோரின் மானத்தை எப்போதும் கேட்கவில்லை.

சாயர்புரத்தில் எஸ்.பி.ஜி. பள்ளியில் தமிழாசிரியராக இருந்த வைணவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858இல் திருமுழுக்குப் பெற்றார். அவர் 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட காப்பியம். ஜான் பனியனின் ஆங்கில உரைநடைக் கதையே அதன் மூலம். இங்கிலாந்துத் திருச்சபையின் முறைமைக்குப் பணிய மறுத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர் பனியன். அவரது கதையை ஆங்கிலிக்கன் சபையைச் சார்ந்த தமிழ்ப் புலவர் கம்பன் வழிநின்று பாடினார். இங்கிலாந்தில் பகையாக நின்றவை தமிழ் விருத்தத்தில் உறவாயின.

போப் இவ்வரிசையில் முதிர்ந்த கனி. கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் 1820இல் பிறந்து, 1839இல் மெதடிஸ்டு ஊழியராகச் சென்னைக்கு வந்து, பின்னர் ஆங்கிலிக்கன் குருவானவர் அவர். இங்கிலாந்து திரும்பி ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் பயிற்றிய காலத்தில் திருக்குறளை 1886இலும் நாலடியாரை 1893இலும் வெளியிட்டார். வள்ளுவர் மயிலையில் கிறித்தவ போதகர்களிடம் கேட்டறிந்திருக்கலாம் என்ற அவரது ஊகத்தைத் தமிழறிஞர் ஏற்றிலர். குறளைத் தம் வேதத்தின் நிழலாகக் காண முயன்ற அவர், திருவாசகத்திற்கு வருங்கால் மணிவாசகரின் உருக்கத்தை அவர்தம் சமயத்திற்குள்ளேயே நின்று விளக்க முயல்கிறார். நெடுந்தமிழ்ப் பயிற்சி அவரிடம் விளைவித்த மாற்றம் இது.

அவர் கல்லறையில் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்கப்பட்டிருப்பதாக மேடைகளில் கூறுவதுண்டு. ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள அக்கல்லில் அச்சொற்கள் இல்லை. தென்னிந்தியாவில் அவர் ஆற்றிய தொண்டையும் பல்கலைக்கழகப் பணியையும் குறிப்பிட்டு, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அக்கல்லை நாட்டிய செய்தியே அதில் உள்ளது. புனைந்துரையைவிட உண்மை சிறந்தது: அவர் தம்மை மாணவன் என்றது பெரிதன்று, தமிழர் அவரைத் தம் நண்பராகக் கொண்டதே பெரிது.

பெயரைத் துறந்த திருச்சபை

திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வி.எஸ். அசரியா 1912இல் தோர்ணக்கல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். இந்தியருள் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் அவரே. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியக் குருமார், மேனாட்டுப் பிரிவுகளை இம்மண்ணில் நீட்டிப்பதற்கு எதிராகக் குரல் எழுப்பினர். அசரியா அவர்களுள் முதன்மையானவர். அவர் 1945இல் மறைந்தார். நாடு விடுதலை பெற்ற ஆறு வாரங்களில், 1947 செப்டம்பர் 27ஆம் நாள், சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் இணைந்து தென்னிந்தியத் திருச்சபையாயினர். கோட்டைக்குள் வந்த திருச்சபை தன் நாட்டுப் பெயரை இங்கே களைந்தது.

திருவண்ணாமலைப் பகுதியில் ஆங்கிலிக்கன் மிஷன் பெரிதாகக் காலூன்றவில்லை. இங்குப் பள்ளி நிறுவிப் பணிசெய்தோர் டேனிய லூத்தரன்மார். ஆகவே அத்திருச்சபைக்கும் இவ்வூருக்கும் உள்ள உறவைக் கட்டடங்களில் தேடிப் பயனில்லை; அது ஒரு நூலில் இருக்கிறது. மக்கள் அறிந்த மொழியிலேயே இறைவனைப் பாடுதல் வேண்டும் என்று 1549இல் இங்கிலாந்து வகுத்துக்கொண்ட நெறியை, அண்ணாமலைச் சாரலில் பாவையர் ஒருவரையொருவர் துயிலெழுப்பும் பாடல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கடைப்பிடித்திருந்தன. அவ்வுண்மையை ஆங்கிலிக்கன் குரு ஒருவர் முதுமையில் கண்டு, தம் நாட்டார்க்கு எடுத்துரைத்தார். தமிழுக்குக் கற்பிக்க வந்த திருச்சபை தமிழிடம் கற்ற பாடம் அது.