தடய அறிவியல் பணிகள்: திருப்பூர் பின்னலாடை வட்டாரம்

குற்றம் நடந்த இடத்திலும், ஆட்களின் உடலிலும் உடையிலும் எஞ்சியிருப்பதைச் சேகரித்து, ஆய்வகத்தில் சோதித்து, கண்டதை நீதிமன்றத்தில் சொல்வது தடய அறிவியலாளர்களின் பணி. நொய்யல் கரையில் உள்ள திருப்பூரிலும் அதைச் சுற்றிய அவிநாசி, பல்லடம் பகுதிகளிலும் இந்தப் பணிக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மற்ற ஊர்களில் துப்பாகக்கூடிய பஞ்சுப் பிசிறு, இங்கே பனியன் கம்பெனிக்குப் போய்வரும் எல்லார் சட்டையிலும் ஒட்டியிருக்கிறது.

தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் வேர் 1849இல் சென்னையில் தொடங்கிய வேதியியல் ஆய்வகம். இன்று உள்துறையின் கீழ் இயங்கும் இத்துறைக்குச் சென்னையில் தலைமை ஆய்வகமும் பிற நகரங்களில் வட்டார ஆய்வகங்களும் உள்ளன. திருப்பூருக்கு அருகில் இருப்பது கோவை வட்டார ஆய்வகம். சம்பவ இடத்துக்கு முதலில் வருவது நடமாடும் தடய அறிவியல் பிரிவின் அலுவலர். அவருடன் வரும் கைரேகை நிபுணர் இத்துறையைச் சேர்ந்தவர் அல்லர், காவல்துறைக்காரர். பிரேதப் பரிசோதனை செய்பவர் மருத்துவர். ஆக, ஒரே உடலைச் சுற்றி மூன்று துறைக்காரர்கள் நிற்கிறார்கள். செய்தித்தாள்களோ எல்லாரையும் சேர்த்துத் 'தடயவியல் நிபுணர்கள்' என்று எழுதிவிடுகின்றன.

துணியும் இழையும்

இருவர் மோதிக்கொண்டால் ஒருவர் உடையின் இழை மற்றவர் மேல் ஒட்டும். 1910இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லொக்கார்டின் பெயரால் அறியப்படும் கோட்பாட்டின் சாரம் இது. ஆனால் ஒட்டியிருப்பது மட்டும் சாட்சியமாகாது. அந்த இழை எவ்வளவு அரிது என்பதே அதன் எடையைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டாவில் 1982இல் வெய்ன் வில்லியம்ஸுக்குத் தண்டனை கிடைத்த வழக்கில், கொலையானவர்களின் உடலில் இருந்த மஞ்சள் கலந்த பச்சை நைலான் இழைகள் முக்கியச் சான்றாயின. கம்பள விரிப்பில் வரும் அந்த இழையின் குறுக்குவெட்டு வடிவம் வழக்கத்துக்கு மாறானது. அந்த விரிப்பும் குறைவாகவே விற்றிருந்தது.

வெள்ளைப் பருத்தி இழையின் நிலை இதற்கு நேர்மாறு. நுண்ணோக்கியில் முறுக்கிய நாடா போலத் தெரியும் அதை அடையாளம் காண்பது எளிது, ஒருவரோடு பிணைப்பது கடினம். உலகம் முழுக்க இழை ஆய்வாளர்கள் அதற்குப் பெரிய மதிப்புத் தருவதில்லை. திருப்பூரில் அதன் மதிப்பு ஏறத்தாழப் பூஜ்ஜியம் என்றே சொல்லிவிடலாம். சாயம் ஏறிய இழை வேறு கதை. ஒரே சிவப்பு என்று கண்ணுக்குத் தெரியும் இரண்டு துணிகள் வெவ்வேறு சாயக் கலவையில் வந்திருக்கலாம். நுண்நிறமாலைமானி அந்த வேறுபாட்டைக் காட்டும். சாயத்தைக் கரைத்து எடுத்து மென்படல நிறப்பிரிகையிலும் பிரித்துப் பார்க்கலாம். சாயப்பட்டறையில் லாட்டுக்கு லாட் ஷேடு மாறுவது ஏற்றுமதியாளருக்குத் தலைவலி, ஆய்வாளருக்கு உதவி.

பின்னலாடையில் கத்திக் குத்தை அளப்பதும் நெய்த துணியில் அளப்பது போல இல்லை. பனியன் துணி இழுபட்டு மீளும். சிங்கிள் ஜெர்ஸியில் வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். அறுந்த கண்ணியிலிருந்து பின்னல் ஓடிப் போகும். அதனால் துணியில் உள்ள கிழிசலின் நீளத்தை வைத்துக் கத்தியின் அகலத்தைச் சொல்பவர் அவசரக்காரர். இழைமுனைகள் வெட்டுப்பட்டவையா, இழுத்து அறுந்தவையா என்பதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வதே பாதுகாப்பானது. ஓவர்லாக், பிளாட்லாக் தையல்களை ஒரு பார்வையில் பிரித்தறியும் கட்டிங் மாஸ்டரின் கண் இங்கே பட்டப்படிப்புக்கு நல்ல துணை.

லேபிளை நம்பக் கூடாது. அடையாளம் தெரியாத உடலில் ஐரோப்பிய நிறுவனத்தின் டீ-சர்ட் இருந்தால் வேறு ஊரில் அது ஒரு துப்பு. இங்கே ஏற்றுமதியில் கழிந்த செகண்ட்ஸ் சரக்கு காதர்பேட்டைக் கடைகளில் குவிந்து கிடக்கிறது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஏராளமாக வாழும் ஊர் என்பதால், உடலை அடையாளம் காணும் வேலை கடைசியில் கைரேகைக்கும் மரபணுச் சோதனைக்கும் போகிறது. மரபணுவை ஒப்பிடப் பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினரின் மாதிரி வேண்டும். அதற்குத் தொலைதூர மாநிலக் காவல் நிலையத்தோடு பேச வேண்டும். ஆய்வகத்துக்கு வெளியே நடக்கும் இந்தப் பகுதிதான் பெரும்பாலும் தாமதமாகிறது.

துணியே ஒரு வழக்கின் திசையைக் காட்டிய பெரிய உதாரணம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, மாநில ஆய்வகத்தை வழிநடத்திய பி. சந்திரசேகரன் சிதறிக் கிடந்த டெனிம் துணித் துண்டுகளையும் வெல்குரோ பட்டையையும் காயங்களோடு வைத்து ஆராய்ந்து, குண்டு ஒரு பெண்ணின் உடலில் கட்டப்பட்டிருந்தது என்ற முடிவுக்கு வந்தார். அவருக்கு 2000இல் பத்மபூஷண் வழங்கப்பட்டது.

உறையில் தொடங்கும் வேலை

இரத்தக் கறை படிந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். பாலித்தீன் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்து மரபணு சிதையும். டெனிமாக இருந்தால் இன்னொரு தொல்லை: இண்டிகோ சாயம் மரபணுவைப் பெருக்கும் வேதிவினையைத் தடுக்கக்கூடியது. துணிக் கிடங்கில் தீப்பிடித்த வழக்கில் விதி தலைகீழாகிறது. மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆவி வெளியேறிவிடும் என்பதால், கருகிய துணியைக் காற்றுப் புகாத கலத்தில் அடைக்க வேண்டும். பிறகு வாயு நிறப்பிரிகையில் எரிபொருளின் மிச்சம் தேடப்படும். ஆனால் தீ என்றதும் மனிதக் கையை மட்டும் தேடக் கூடாது. சாயப்பட்டறையில் புழங்கும் ஹைட்ரோஸ், அதாவது சோடியம் ஹைட்ரோசல்பைட், ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்.

கைப்பற்றிய பொருள் மகஜர் எனும் கைப்பற்றல் பதிவில் ஏறி, முத்திரையிடப்பட்டு, நீதிமன்றம் வழியாக ஆய்வகத்துக்குச் செல்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைப்பது சோதனை முடிவில் அல்ல, இந்தச் சங்கிலியில்தான். சோதனை சரியாக இருந்தும் உறையின் முத்திரையில் வழக்கு தடுக்கி விழுவது உண்டு.

இன்றைய விசாரணையில் இரத்தம், இழைகளை விட அதிகம் பேசப்படுவது கேமரா பதிவு. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சாதி மறுப்புத் திருமணம் செய்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டு, அவர் மனைவி கௌசல்யா காயமடைந்த காட்சி சிசிடிவியில் பதிவாகியிருந்தது. திருப்பூர் முதன்மை அமர்வு நீதிமன்றம் 2017 டிசம்பர் 12 அன்று ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தையை விடுவித்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. வெட்டியது யார் என்பதைப் பதிவு காட்டும். பின்னால் சதி இருந்ததா என்பதை அது காட்டாது. கணினித் தடயவியலின் வலிமையும் எல்லையும் இந்த ஒரு வழக்கில் தெரிகின்றன.

வேலைவாய்ப்பு

2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3)ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வருவதைக் கட்டாயமாக்குகிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆள் இல்லாமல் இந்தச் சட்டம் ஓடாது என்பதால் பணியிடங்கள் பெருகியே ஆக வேண்டும்.

மாநிலத் துறையில் இளநிலை அறிவியல் அலுவலர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும், கைரேகைப் பிரிவு உதவி ஆய்வாளர் பணிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமும் ஆள் எடுக்கின்றன. தடய மருத்துவத்துக்கு எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. படிக்க வேண்டும். காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. தடயவியல் என்ற பெயர் தாங்கிய பட்டம் கவர்ச்சியாக இருக்கலாம். ஆனால் ஆய்வகங்கள் வேதியியல், இயற்பியல், உயிரியல், கணினி என்று பிரிவுவாரியாகவே இயங்குகின்றன. திருப்பூர் மாணவர்கள் கல்லூரியில் சேரும் முன், கடைசியாக வந்த தேர்வாணைய அறிவிப்பை எடுத்து, எந்தப் பிரிவுக்கு எந்தப் பாடம் கேட்கிறார்கள் என்று படித்துப் பார்த்துவிடுவது நல்லது.