தோட்டக் கழிவும் கட்டணமும்: ஆங்கில உள்ளூராட்சி வரலாற்றில் ஒரு நோக்கு

ஒரு பொருள் செல்வமாவதும் குப்பையாவதும் அதன் இயல்பினால் மட்டும் அமைவதன்று. அதன் பொருட்டு யார் பணங் கொடுக்கின்றனர், யார் பெறுகின்றனர் என்பதனாலும் அமைகின்றது. இங்கிலாந்தில் வீட்டுக் கழிவகற்றலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டன் மாநகரின் வீட்டுக் குப்பையிற் பெரும்பங்கு நிலக்கரிச் சாம்பலாகவே இருந்தது. செங்கல் அறுப்போர் நுண்சாம்பலைக் களிமண்ணுடன் கலந்தனர். எரியாது எஞ்சிய கரித்துண்டுகளைச் சூளைக்கு எரிபொருளாக்கினர். எனவே, குப்பையை அள்ளும் உரிமைக்காக ஒப்பந்தகாரர் பங்குச் சபைகளுக்குப் பணஞ் செலுத்தினர். குப்பை மேடுகளாற் குவிந்த செல்வத்தைச் சுற்றியே சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1864-65இல் எழுதிய, முற்றுப்பெற்ற தமது இறுதி நாவலைப் பின்னினார். ஆயின் நகரம் பெருகப் பெருகச் சாம்பலும் மிகுந்தது. அதன் விலை வீழ்ந்தது. விலை கொடுத்துப் பெற்ற ஒப்பந்தகாரரே பின்னர் கூலி கேட்கலாயினர். கொடுக்கல் வாங்கலின் திசை முதன்முறையாக மாறிற்று.

இதே காலத்திற் கொள்ளைநோய்கள் பொதுச் சுகாதாரச் சிந்தனையைத் தோற்றுவித்தன. 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் வீட்டுக் குப்பையை அகற்றும் அதிகாரத்தை உள்ளூர் அதிகாரசபைகளுக்கு அளித்தது. 1891ஆம் ஆண்டின் இலண்டன் பொதுச் சுகாதாரச் சட்டம் வீட்டுக் குப்பையையும் தொழிற் குப்பையையும் வேறுபடுத்திற்று. முன்னையது சோலைவரியினால் நிறைவேற்றப்படும் பொதுக் கடமை. பின்னையது கட்டணத்திற்குரிய தனியார் தேவை. பிற்காலப் பிணக்குகள் யாவற்றுக்கும் இவ்வேறுபாடே வித்து எனலாம்.

தோட்டக் கழிவு இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இரு உலகப் போர்களுக்கும் இடையில் ஏறத்தாழ 40 இலட்சம் வீடுகள் எழுந்தன. அவற்றுட் பல தோட்டத்துடன் கூடிய புறநகர் வீடுகள். அங்கு வெட்டிய புல்லும் கிளையும் பெரும்பாலும் எரிக்கப்பட்டன, அல்லது மூலையிற் குவித்து மக்கவிடப்பட்டன. இந்தியாவின் இந்தோரில் ஆல்பேட் ஹவார்ட் உருவாக்கிய கூட்டெரு முறை 1931இல் நூலாக வெளிவந்தபின் ஆங்கிலத் தோட்டக்காரரிடையேயும் செல்வாக்குப் பெற்றது. இரண்டாம் உலகப் போர்க்கால அரசாங்கமும் கூட்டெரு தயாரிக்குமாறு குடிமக்களைத் தூண்டிற்று. கழிவு அப்போது பசளையாகவே மதிக்கப்பட்டது.

போருக்குப்பின் நிலைமை மாறிற்று. 1952ஆம் ஆண்டின் இலண்டன் நச்சுப் புகைமூட்டத்தையடுத்து 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரி அடுப்புகள் குறைந்தன, குப்பையிற் சாம்பலின் பங்குஞ் சுருங்கிற்று. 1967ஆம் ஆண்டின் குடிசார் வசதிகள் சட்டம், வீட்டார் தம் கழிவைக் கொண்டுவந்து கட்டணமின்றிக் கொட்டுதற்கான இடங்களை அமைக்குமாறு பணித்தது. 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக் கழிவை இலவசமாகவே சேகரிக்க வேண்டுமென விதித்தபோதிலும், சில விதிவிலக்குகளுக்கு இடமளித்தது. 1992ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் அவ்விலக்குகளுள் தோட்டக் கழிவையும் அடக்கின.

எனினும் அவ்வதிகாரம் உடனே பரவலாகப் பயன்படவில்லை. 1996இல் தொன்னுக்கு 7 பவுணாகத் தொடங்கிய நிலநிரப்பு வரி 2014இல் 80 பவுணாயிற்று. உக்கக்கூடிய கழிவைப் புதைப்பதைக் குறைக்குமாறு 1999இல் ஐரோப்பிய ஒன்றியமும் பணித்தது. எடையால் அளக்கப்பட்ட மீள்சுழற்சி இலக்குகளை எய்தப் பாரமான தோட்டக் கழிவு வசதியாயிருந்தமையாற் பல மன்றங்கள் அதனை இலவசமாகவே ஏற்றன. 2010இன் பின் மத்திய அரசின் மானியம் வெட்டுண்டபோதே கட்டணம் பரவிற்று. பேர்மிங்காம் 2014இல் அதனை அறவிடத் தொடங்கியது. இச்சேவையை இலவசமாக்கும் யோசனை 2018இல் அரசின் கழிவு உபாயத்தில் இடம்பெற்றதாயினும், கட்டணம் தொடரலாமென 2023இல் முடிவாயிற்று.

கட்டணத்தை ஆதரிப்போரின் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. மாடித் தொடர்களில் வாழும் தோட்டமற்றோர், தோட்டமுடையோரின் புல்லை அள்ளுவதற்கு ஏன் வரியிறுக்க வேண்டும்? எதிர்ப்போரும் வலுவான வினாவையே எழுப்புகின்றனர். பணம் கொடுக்கவியலாதவன் கழிவைப் பொதுத் தொட்டியினுள் மறைத்தாலோ, தெருவோரத்திற் கொட்டினாலோ, அதன் செலவு மீண்டும் அனைவர் தலையிலுமன்றோ விழும்? குப்பை எவருடையதாயினும் அதன் தீங்கு எல்லையறியாது என்பதே 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் உட்கருத்தாகும்.

இலங்கையின் மாநகர சபைகளும் 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் வழி இம்மரபிலேயே பிறந்தவை. 2017 ஏப்பிரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதிற்கு மேற்பட்டோர் மாண்டபோது, உயிரால் விலை கொடுத்தோர் அம்மேட்டின் அடியில் வாழ்ந்த ஏழைகளே. எனவே, கட்டணம் எவ்வளவு என்பதிலும், அது அறவிடப்படாதபோது அச்சுமையை யார் தாங்குகின்றனர் என்பதே முதற்கண் ஆராயற்பாலது.