போடி ஏலக்கூடத்தின் சுவர்



உங்களில் பலர் நெட்வொர்க், கிளவுட் வேலையில் இருக்கிறீர்கள். "அப்படின்னா என்னப்பா வேலை?" என்று ஊரில் கேட்டால் சொல்லத் திணறுகிறீர்கள். இனி நம் போடி ஏலக்காய்க் கதையைச் சொல்லுங்கள்.

ஏலத்தோட்டங்கள் இடுக்கி மலையில். அங்கே வேலைக்குப் போவது போடி, கம்பம், கூடலூர் சனங்கள். காய் ஏலம் போவது இரண்டு கூடங்களில்: கேரளத்தில் புற்றடி, நம் பக்கம் போடி. 1987-ல் அமைந்த ஸ்பைசஸ் போர்டின் உரிமம் பெற்ற வியாபாரிதான் ஏலம் கேட்கலாம். முன்பு வாயால் கேட்டார்கள். பிறகு மேசைக்கு மேசை கம்ப்யூட்டர் வந்தது. ஆனாலும் ஆள் கூடத்துக்குள் இருக்க வேண்டும். கூடத்தின் சுவர்தான் காவல்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஏலம் நின்றது. மறுபடி தொடங்கியபோதும் மாநில எல்லையில் கெடுபிடி. போடி வியாபாரி புற்றடி போய்வருவது பெரும்பாடாயிற்று. கேட்க ஆள் குறைந்தால் விலை இறங்கும். விலை இறங்கினால் தோட்டத்தில் கூலிவேலை குறையும்.

2021 ஜனவரியில் ஸ்பைசஸ் போர்டு இரண்டு கூடங்களையும் கிளவுட் வழியாக இணைத்தது. ஒரே ஏலம், ஒரே நேரம். போடியில் இருந்தும் கேட்கலாம், புற்றடியில் இருந்தும் கேட்கலாம். மலை குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் ஏலம் சுவரைத் தாண்டிய பிறகு, சுவர் எப்படிக் காவல் காக்கும்? உலகத்துக் கம்பெனிகளுக்கும் இதே கேள்விதான். முன்பெல்லாம் தலைமை அலுவலக வாசலில் ஒரு ஃபயர்வால். கிளைகளின் போக்குவரத்து முழுவதும் அங்கே போய்த்தான் திரும்பும். 2008-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட 'ஓபன்ஃப்ளோ', பெட்டிக்குப் பெட்டி சிதறிக் கிடந்த கட்டுப்பாட்டை ஒரு மென்பொருளின் கையில் கொடுக்க வழிகாட்டியது. 2010-ல் ஜான் கிண்டர்வாக் 'ஜீரோ டிரஸ்ட்' என்றார்: உள்ளே இருப்பவர் என்பதற்காக நம்பாதே, ஒவ்வொரு முறையும் சரிபார். 2019-ல் கார்ட்னர் நிறுவனம், நெட்வொர்க்கும் காவலும் சேர்ந்தே கிளவுடிலிருந்து வரும் முறைக்கு 'சாசி' என்று பெயர் வைத்தது. ஏலக்கூட மொழியில் சொன்னால், ஆள் எந்தக் கூடத்தில் உட்கார்ந்தாலும் உரிமத்தைப் பார்த்துத்தான் ஏலம் கேட்க விடுவது.

பிள்ளைகளே, ஒரு முனையில் இணைப்பு அறுந்தால் அந்தப் பக்கத்து வியாபாரிகள் ஊமையாகிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஏலம் போகும் காய்க்கு யார் விலை கேட்பது? நீங்கள் ராத்திரி கண்விழித்துக் காக்கும் ஏதோ ஒரு இணைப்பின் மறுமுனையிலும், தூக்குச்சட்டியோடு விடியக்காலை ஜீப்பில் மலையேறும் ஒரு அக்கா இருக்கலாம். அவரை நினைத்து வேலை பாருங்கள்.